அணியிலிருந்து தொடங்குவதா, யாப்பிலிருந்தா?

ஒரு கவிதையை ஆராயும்போது உவமை, உருவகம் என அணிகளை முதலில் தேடுவது ஒரு வழி. சீரையும் (அடியிலுள்ள ஓசைத் துண்டு) அடியையும் (பாடலின் வரி), அதாவது யாப்பை, முதலில் பார்ப்பது இன்னொரு வழி. நான் இரண்டாவதன் பக்கம்.

குறுந்தொகையின் 40-ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அணியைத் தேடுபவர் ‘செம்புலப் பெயல்நீர் போல’ (செம்மண்ணில் பெய்த மழைநீர் போல) என்ற உவமையை உடனே கண்டுபிடித்துவிடுவார். புலவருக்கே செம்புலப்பெயனீரார் என்ற பெயர் அதனால்தான்! ஆனால் அதோடு நின்றுவிட்டால் பெரும் இழப்பு. முதல் மூன்று அடிகளும் நான்கு சீர் கொண்ட கேள்விகள். நான்காம் அடி மூன்றே சீர். நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகையில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, அப்படித்தான் வரும். உவமை அந்தக் குறுகிய அடியை முழுவதுமாக நிரப்பி நிற்கிறது. கேள்விகளின் ஓட்டம் அங்கே தடைபட்டு, அடுத்த அடியில் நெஞ்சங்கள் கலக்கின்றன. யாப்பைப் பார்க்காதவருக்கு இந்த இடம் புலப்படாது.

உவமையே இல்லாத பாடலில் அணி வழி இன்னும் திணறும். ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின்’ என்ற அடியில் நான்கு சீரும் ககரத்தில் தொடங்கும் முற்றுமோனை. அடுத்த அடி ‘நிற்க’ என்று மோனையை முறிக்கிறது. எதுகையோ (இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது) இரண்டு அடிகளையும் பிணைக்கிறது. கற்றலிலிருந்து ஒழுக்கத்துக்குத் திரும்பும் திருப்பம் ஓசையிலேயே கேட்கிறது.

புதுக்கவிதைக்கு மட்டும் வரிசையை மாற்றிக்கொள்வேன். அங்கே படிமத்தை, அதாவது சொற்கள் மனத்தில் எழுப்பும் காட்சியை, பிடித்துக்கொண்டு, பிறகு வரி எங்கே உடைகிறது என்று பார்ப்பதே பலன் தரும்.