டூ ஃபேக்டர் எங்கள் பெட்டிக்கு, கோடு அவர்கள் போனுக்கு

அலுவலக நெட்வொர்க்கைக் காக்க ஃபயர்வால், வெளியிலிருந்து பாதுகாப்பாக அதற்குள் வர வி.பி.என். என்று ஏதாவது ஒரு பெட்டியை வெளியாள் வைத்து மாட்டியிருப்பவர்களும் மாட்டப்போகிறவர்களும் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். விற்ற நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. கோவையில் ஓரளவு பெயருள்ள இடம்தான். விசாரித்த வரையில் இந்தப் பழக்கம் அவர்களிடம் மட்டும் இல்லை என்பதால், பெயரைவிட நடந்த விவரம்தான் உங்களுக்கு உதவும்.

எங்களுடையது கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி: பெட்ஷீட், கிச்சன் டவல், திரைச்சீலை. டவுனில் அலுவலகம், ஊருக்கு வெளியே தறி. டாலி ஓடும் கணினி அலுவலகத்தில் இருக்கிறது. அக்கவுண்ட்ஸ் பார்த்த பெண், குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்யக் கேட்டார். ஈரோட்டு ஆடிட்டர் அலுவலகமும் அவ்வப்போது உள்ளே வந்து பார்க்க வேண்டும். வெளியிலிருந்து அலுவலகக் கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை அப்படியே இன்டர்நெட்டில் திறந்து வைத்தால் ஆபத்து, அதற்கான வாசலான 3389 போர்ட் எங்கே திறந்திருக்கிறது என்று தேடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித்தான் வி.பி.என். பெட்டியை விற்றார்கள். சரியான ஆலோசனைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொட்டேஷனில் 'டூ ஃபேக்டர் செட்டப்' (பாஸ்வேர்டோடு போனில் தெரியும் எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு) என்று தனி வரி, தனித் தொகை. மாட்ட வந்த தம்பி நல்ல சுறுசுறுப்பு. மாலைக்குள் முடித்துவிட்டு, "இனி உங்க பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் யாரும் உள்ள வர முடியாதுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது உண்மை. அந்த 'யாரும்' என்பதில் நாங்களும் அடக்கம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

போன வருடம் அக்கவுண்ட்ஸ் பெண் வேறு வேலைக்குப் போனார். மனக்கசப்பு எதுவும் இல்லை. ஆனாலும் வேலையை விட்டவருடைய லாகினை அன்றைக்கே மூடுவதுதான் முறை. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அட்மின் பாஸ்வேர்டு மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தது: விற்ற நிறுவனத்தின் சுருக்கப் பெயர், பக்கத்தில் ஒரு அட் குறி, அப்புறம் 123. அதை அடித்தால் அடுத்த பக்கம் ஆறு இலக்க எண் கேட்கிறது. அந்த எண் மாட்டிய தம்பியின் சொந்த போனில்தான் தெரியும்.

தம்பிக்குப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். நிறுவனத்துக்குப் போட்டால், "அவர் ரிசைன் பண்ணிட்டாருங்க சார்." அப்படியானால் எங்கள் அட்மின் கோடு? "அவர்கிட்டதான் இருக்கும். பேசிப் பார்க்கிறோம்." பேசினார்களோ என்னவோ. டிக்கெட் நம்பர் வந்தது. பிறகு டிக்கெட் மூடப்பட்டதாக மெசேஜ் வந்தது. லாகின் மட்டும் மூடப்படவில்லை. கடைசியில் ஒரு பதில் கிடைத்தது: பெட்டியை ஃபேக்டரி ரீசெட் செய்து முதலிலிருந்து அமைக்க வேண்டும், பதினெட்டாயிரம், ஜி.எஸ்.டி. தனி. ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) இருக்கிறதே என்றேன். ரீ-கான்ஃபிகரேஷன் அதில் வராதாம். பூட்டு மாட்ட வந்தவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய், பிறகு கதவை உடைக்கக் கூலி கேட்கிற கதைதான்.

இந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் இதில் இருக்கும் அநியாயம் புரியும். பேங்க் ஓ.டி.பி. மாதிரி இது எஸ்.எம்.எஸ்ஸில் வருவதில்லை. அமைக்கும்போது பெட்டி திரையில் ஒரு கியூ.ஆர். கோடு காட்டும். அதற்குள் ஒரு ரகசிய எழுத்துக்கோவை இருக்கிறது. ஆதென்டிகேட்டர் ஆப்பில் ஸ்கேன் செய்ததும் அது போனில் பதிந்துவிடும். அப்புறம் போனும் பெட்டியும் பேசிக்கொள்வதே இல்லை. அந்த ரகசியத்தையும் அப்போதைய மணியையும் வைத்து இரண்டும் தனித்தனியாக 30 வினாடிக்கு ஒரு எண் கணக்குப் போடுகின்றன. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடும், அவ்வளவுதான். ஆகவே ஒரே கியூ.ஆர். கோடை இரண்டு மூன்று போன்களில் ஸ்கேன் செய்யலாம். காகிதத்தில் அச்சடித்து பீரோவிலும் வைக்கலாம். தம்பி தன் போனை நீட்டிய அதே நிமிடத்தில் என் போனிலும் என் பார்ட்னர் போனிலும் ஏற்றிக் கொடுத்திருந்தால் ஒரு பைசா செலவில்லை. அதற்குத்தானே தனி வரி போட்டுக் காசு வாங்கினார்கள்?

கோவையில் ஒரு மில்லில் நெட்வொர்க் பார்க்கும் நண்பர் இருக்கிறார். "ரீசெட் நாமே பண்ணிக்கலாம். அதுக்கு முன்னால பழைய கான்ஃபிகரேஷன் பேக்கப் அவங்ககிட்ட இருக்கும், அதை மட்டும் கேட்டு வாங்குங்க" என்றார். விடாமல் கேட்டதில், தொல்லை விட்டால் போதும் என்று சர்வீஸ் டெஸ்க்கில் இருந்தவர் பெட்டியின் அமைப்பு விவரம் முழுக்க அடங்கிய அந்த ஃபைலை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டார். எங்கள் நெட்வொர்க்கின் மொத்த ஜாதகமும் இப்படித்தான் யார் யாரோ போனில் கிடக்கிறது.

நண்பர் அதை நோட்பேடில் திறந்தார். மேலேயே பெட்டியின் பெயர் என்று இருந்த வரியில் எங்கள் பெயர் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் பெயர் இருந்தது. அங்கே செய்த செட்டப்பை அப்படியே நகல் எடுத்து எங்களிடம் ஏற்றியிருக்கிறார்கள். யூசர் பாஸ்வேர்டுகள் படிக்க முடியாதபடி மாற்றித்தான் சேமிக்கப்பட்டிருந்தன. ஆனால் அலுவலகத்துக்கும் தறிக்கும் நடுவே உள்ள வி.பி.என். இணைப்பில் இரு முனையும் பகிர்ந்துகொள்ளும் ரகசியச் சாவி பச்சையாகத் தெரிந்தது, அதுவும் திருப்பூர் கம்பெனியின் பெயரெழுத்துகளோடு. எங்கள் ஃபைல் எங்களிடம் வந்தது போல அவர்கள் ஃபைல் யாரிடம் போயிருக்கிறதோ.

கீழே போகப் போக வயிறு கலங்கியது. அட்மின் பக்கம் இன்டர்நெட்டில் எங்கிருந்து தட்டினாலும் திறக்கும்படி விடப்பட்டிருந்தது. 'டெஸ்ட்' என்று ஒரு யூசர், டூ ஃபேக்டர் இல்லாமல். இதில் விளையாட்டில்லை: 2021-இல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனத்துக்குள், கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் நுழைந்தது, பயன்பாட்டிலேயே இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு வழியாகத்தான். அதற்கும் இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. கிழக்குக் கரையில் பல மாநிலங்களில் பெட்ரோலுக்கு வரிசை நின்றது, நிறுவனம் 44 லட்சம் டாலர் கட்டியது.

எனக்கு அதைவிட ஆத்திரம் வந்தது வேறொரு வரியைப் பார்த்து. வேலையை விட்டுப் போன எங்கள் பெண்ணின் லாகினுக்கும் டூ ஃபேக்டர் ஆஃப். யார், எப்போது ஆஃப் செய்தது? அவருக்கே போன் போட்டுக் கேட்டேன். சிரித்துவிட்டு, "ஒரு தடவை 20ஆம் தேதி கோடு ஏத்துக்கவே இல்லைன்னு சொன்னேனே சார், அப்ப அவங்கதான் சரி பண்ணிக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் கோடே கேக்கல" என்றார்.

நண்பர் விளக்கினார். அன்றைக்கு எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. மதியத்துக்கு மேல் யு.பி.எஸ். தாங்கவில்லை, பெட்டி அணைந்து மறுபடி ஓடியது. இந்த மாதிரி சின்னப் பெட்டிகள் பலவற்றில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. ஓடத் தொடங்கியதும் இன்டர்நெட்டிலிருந்து சரியான மணியை எடுத்துக்கொள்ளும்படி அமைத்து வைக்க வேண்டும். இதில் அமைக்கவில்லை. பெட்டிக்கு மணி தவறினால் அது போடும் எண்ணும் தவறும், போன் காட்டும் எண்ணோடு ஒத்துப்போகாது. மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-3பி கட்டக் கடைசித் தேதி, நாங்கள் அவசரப்படுத்துகிறோம், எதிர்முனையில் இருந்தவர் கடிகாரத்தைச் சரிசெய்யாமல் சரிபார்ப்பையே எடுத்துவிட்டார். எங்களிடம் சொன்னது: "இப்ப ட்ரை பண்ணுங்க சார்." சரியான மணி தரும் நேர சர்வரின் முகவரியைப் போடுவது ஒரே ஒரு வரி வேலை. கணினிகளின் கடிகாரத்தை என்.ஐ.சி. (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு இணைக்க வேண்டும், கணினிப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. இதே தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா?

எங்கள் காம்ப்ளெக்ஸிலேயே இன்னொரு ஏற்றுமதியாளரும் அதே நிறுவனத்திடம்தான் வாங்கியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் பெட்டியில் எங்கள் ஸ்டிக்கர் பாஸ்வேர்டை அடித்துப் பார்த்தார். திறந்தது. அவருடையதில் கோடுகூடக் கேட்கவில்லை. ஒரே பாஸ்வேர்டை ஊரெல்லாம் வைப்பதன் பலனை 2016-இல் மிராய் என்ற தீய மென்பொருள் காட்டியது. கேமரா, டி.வி.ஆர்., ரவுட்டர்களில் ஆலையில் போட்ட பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சத்தைத்தான் அது மாற்றி மாற்றி அடித்தது. லட்சக்கணக்கான பெட்டிகள் அதனிடம் சிக்கின.

நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் கடைசியில் பேசினார். "கஸ்டமர் கையில அட்மின் கொடுத்தா எதையாவது அமுக்கிக் கெடுத்துடறாங்க சார், அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு எங்களைத்தான் கூப்பிடறாங்க." அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்கு வழியும் இருக்கிறதே: ஓனருக்கு ஒரு அட்மின், நிறுவனத்துக்குத் தனி அட்மின். ஓனருடையதை உறையிலிட்டு ஒட்டி வைத்தால் யார் அமுக்கப் போகிறார்கள்? நிறுவனத்தோடு உறவு முடிந்தால் அவர்களுடையதை மட்டும் அணைத்துவிடலாம். போன இன்ஜினியரின் போனில் இன்னும் எத்தனை கஸ்டமர்களின் கோடு இருக்கிறது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. மெயிலிலும் கேட்டேன், அதற்கும் இல்லை.

பழைய ஃபைலை ஏற்றவில்லை. நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ரீசெட் செய்து எல்லாவற்றையும் புதிதாக அமைத்துக் கொடுத்தார். அட்மின் பக்கம் இப்போது அலுவலகத்துக்குள் இருந்தால்தான் திறக்கும். கோடு இரண்டு பார்ட்னர் போனிலும் வருகிறது. போன் தொலைந்தால் பயன்படுத்துவதற்கான மீட்பு எண்கள் செக் புக்கோடு இருக்கின்றன.

வக்கீலிடமும் கேட்டேன். தொழிலுக்காக வாங்கியது என்பதால் நுகர்வோர் கமிஷனில் நிற்பது கஷ்டம், வணிக நோக்கத்துக்கு வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராகப் பார்ப்பதில்லை, சொந்தப் பிழைப்புக்காக வாங்கியதென்றால்தான் விலக்கு என்றார். சிவில் வழக்கு போடலாம், ஆனால் பதினெட்டாயிரத்துக்கு யார் அலைவது?

அதனால் கையில் இருக்கும் ஒரே பிடி பணம்தான். புதிதாக மாட்டுகிறவர்கள் பில்லில் பத்து சதவீதத்தை நிறுத்தி வையுங்கள். உங்கள் போனில் வரும் கோடை வைத்து நீங்களே அட்மினாக உள்ளே போய், ஒரு யூசரை உருவாக்கி அழித்துப் பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள். ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் ஏ.எம்.சி. புதுப்பிக்கும் செக்கை எழுதுவதற்கு முன் இதையே செய்யச் சொல்லுங்கள். யூசர் பட்டியலைத் திரையில் காட்டச் சொல்லி, 'டெஸ்ட்', 'டெமோ' என்று இருப்பதையெல்லாம் உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.