லாவான் என்று எழுதியிருந்தால் படகு கிடையாது

அர்ஜென்டினாவின் எஸ்கெல் நகரத்தில் தங்கி லோஸ் அலெர்செஸ் தேசியப் பூங்காவைப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, ஸ்பானிய மொழி அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்காக. ஒன்றுமே தெரியாதவர்கள் பத்துக் கேள்வி கேட்டுத் தப்பித்துவிடுவார்கள். என்னைப் போன்ற அரைகுறைகள்தான் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் பணத்தை நீட்டுவோம்.

வேலை நிமித்தமாக புவெனஸ் அயர்ஸில் இருக்கிறேன். பிப்ரவரியில் அப்பா என்னைப் பார்க்க வந்திருந்தார். செங்கோட்டையில் மரக்கடைகளில் நாற்பது வருடம் தடி அளந்தவர். ஊர் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டதற்கு அருவியும் வேண்டாம், பனிமலையும் வேண்டாம், அந்தக் கிழட்டு மரத்தைக் காட்டு என்றார். அவர் சொன்னது 'எல் அபுவேலோ' என்ற அலெர்சே மரத்தை. அபுவேலோ என்றால் தாத்தா. சுமார் 2600 வயது, 57 மீட்டர் உயரம், 2.2 மீட்டர் விட்டம். அந்த மரம் நிற்கும் பூங்காவை 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எஸ்கெலில் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு சுற்றுலா முகவர் அலுவலகம். பெயர் சொல்லப்போவதில்லை. கண்ணாடியில் தாத்தா மரத்தின் பெரிய படம், கீழே 2600 என்ற எண். உள்ளே இருந்தவர் மிக இனிமையான மனிதர். அப்பாவுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், மாத்தே பானம் கொடுத்தார், அப்பா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகம் சுளித்ததைப் பார்த்துச் சேர்ந்து சிரித்தார். "நாளை காலை வண்டி, பூங்கா நுழைவு, புவெர்ட்டோ சுகாவ் துறை, ஆயிரமாண்டு மரம், எல்லாம் சேர்த்து" என்றார். இருவருக்கும் 240 டாலர். அட்டைக் கருவி பழுது, ரொக்கமாகக் கொடுத்தால் நல்லது என்றார். கொடுத்தேன். ரசீதில் 'லாவான், புவெர்ட்டோ சுகாவ்' என்று எழுதிக் கொடுத்தார். லாவான் என்றால் என்ன என்று கேட்டேன். "அதுதான் அலெர்சே, மப்புச்சே மக்களின் சொல்" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. அந்தப் பகுதியின் பழங்குடிகளான மப்புச்சே மக்களின் மொழியில் அலெர்சே மரத்துக்கு அதுதான் பெயர். இந்த மோசடியில் எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது அந்த ஒரு சொல்தான்.

மறுநாள் பூங்கா வாசலிலேயே முதல் அடி. நுழைவுக் கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று ஓட்டுநர் சொன்னார். சேர்த்துத்தானே வாங்கினார்கள் என்றேன். அது அலுவலகத்தில் பேச வேண்டிய விஷயம் என்று தோளைக் குலுக்கினார். வெளிநாட்டவருக்கு உள்நாட்டவரைவிடக் கட்டணம் அதிகம். பின்னால் வரிசை நின்றது, கட்டினேன்.

ஃபுத்தலௌஃப்கென் ஏரியை ஒட்டிப் போகும் 71ஆம் எண் சரளைச் சாலை குலுக்கோ குலுக்கென்று குலுக்கியது. ஆனால் அர்ரயானெஸ் ஆற்றின் மேல் தொங்கும் நடைபாலத்தில் ஏறியதும் அப்பா குலுக்கலையும் கட்டணத்தையும் மறந்துவிட்டார். பச்சை நிறத் தண்ணீர், ஆழம் வரை தெரிகிறது. கரையில் அர்ரயான் மரங்கள். பட்டை இலவங்கப்பட்டை நிறத்தில் வழவழவென்று இருக்கும். தொட்டுப் பார்த்துவிட்டு "பானை மாதிரி குளிர்ச்சியாக இருக்கிறதும்மா" என்றார். அங்கிருந்து புவெர்ட்டோ சுகாவுக்குக் காட்டுக்குள் அரை மணி நடை. (கறுப்பு உடை அணிந்து போகாதீர்கள். தாபனோ என்ற பெரிய கடி ஈ அதன் மேல்தான் மொய்க்கிறது.)

வழியில் ஓர் அலெர்சே மரம் தனியாக நின்றது. ஓட்டுநர் நின்றார், கையைக் காட்டினார், "லாவான்" என்றார். படம் எடுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் என்றார்.

அழகான மரம்தான். நேராக உயர்ந்து நிற்கிறது, செம்பழுப்புப் பட்டை நீளநீளமாக வரியோடியிருக்கிறது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். பிறகு மார்பு உயரத்தில் பார்வையை இறக்கினார். எந்த மரத்தைக் கண்டாலும் அவர் கண் தானாகவே அங்கேதான் வந்து நிற்கும்.

"ஏம்மா, விட்டம் எவ்வளவு என்று சொன்னாய்?"

"2.2 மீட்டர்."

"அப்படியானால் சுற்றளவு கிட்டத்தட்ட ஏழு மீட்டர் இருக்க வேண்டும். இதை நீயும் நானும் கைகோர்த்தாலே கட்டிவிடலாம். இது தாத்தா இல்லை, பேரன்."

அலெர்சே வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் பருக்கும். அந்த மரம் எளிதில் உளுக்காது, மக்காது. அதனாலேயே கூரை ஓடுகளுக்காக வெட்டித் தீர்த்தார்கள், இன்று உலகச் சந்தையில் அதன் வணிகத்துக்குத் தடை இருக்கிறது. வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வழியில் நான் சொன்னதை வைத்து அப்பா மனக்கணக்கே போட்டுவிட்டார். எனக்குத்தான் இன்னும் நம்பிக்கை போகவில்லை. துறைக்குப் போனால் படகு நிற்கும், அதில்தான் தாத்தாவிடம் போவோம் என்று நினைத்தேன்.

படகு நின்றதுதான். மெனெண்டெஸ் ஏரியின் கரையில், எங்களுக்கு முன்னால், ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. எங்கள் ரசீதை வாங்கிப் பார்த்த பெண் இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். இது படகு டிக்கெட் இல்லை என்றாள். அங்கிருந்த வனக் காவலர்தான் பொறுமையாக விளக்கினார். தாத்தா மரம் இருக்கும் காட்டுக்குச் சாலை கிடையாது, நடந்தும் போக முடியாது. இந்தப் படகில் ஏரியின் வடக்குக் கிளை வழியாக புவெர்ட்டோ சக்ராரியோ என்ற துறைக்குப் போய், வழிகாட்டியுடன் சிஸ்னே ஏரிப் பக்கமாக நடக்க வேண்டும். நாங்கள் பார்த்தது 'லாவான் சொலித்தாரியோ', தனித்த அலெர்சே. வயது சுமார் 300. அதைப் பார்க்க யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை, பாலத்திலிருந்து யார் வேண்டுமானாலும் நடந்து வரலாம்.

அன்றைய படகில் இடம் இல்லை. கயிற்றை அவிழ்த்தார்கள், படகு கிளம்பியது. ஏரிக்கு அப்பால் தோர்ரெசிஷாஸ் மலையின் பனி தெரிந்தது. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படகு ஒரு புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓட்டுநரிடம் கத்திக்கொண்டிருந்தேன்.

மாலை அலுவலகத்துக்குப் போனேன். அதே இனிய மனிதர். "அலெர்சே மரத்தைப் பார்த்தீர்களா இல்லையா?" என்றார். "புவெர்ட்டோ சுகாவுக்குப் போனீர்களா இல்லையா?" கண்ணாடியிலிருந்த படத்தைக் காட்டினேன். அது பூங்காவின் படம், எங்கள் பயணத்தின் படம் என்று யார் சொன்னது என்றார். நுழைவுக் கட்டணத்தை மட்டும், அதுவும் அடுத்த அறையில் ஆட்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு நான் குரலை உயர்த்திய பிறகு, பெசோவாக எண்ணிக் கொடுத்தார். அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட்டிருக்கலாம். ரொக்கத்துக்கு எங்கே போய் முறையிடுவது? மறுநாள் காலை எங்களுக்கு விமானம்.

போகிறவர்கள் படகுக்கு இடம் பிடித்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள். சீசனில் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. யார் மூலமாகப் பதிவு செய்தாலும் ரசீதில் படகு என்ற சொல்லும், கிளம்பும் நேரமும், புவெர்ட்டோ சக்ராரியோ என்ற பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். 'அலெர்சால் மிலெனாரியோ' என்றால் ஆயிரமாண்டுக் காடு. வெறும் லாவான் என்றிருந்தால், சும்மா பார்க்கக்கூடிய மரத்துக்கு வண்டி வாடகை கொடுக்கிறீர்கள். அட்டைக் கருவி பழுது என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் சேர்த்தியா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அந்த அலுவலகத்தின் துண்டுப் பிரசுரம் ஒன்றை அப்பா ஊருக்கு எடுத்துப் போயிருக்கிறார். தாத்தா மரத்தின் படத்துக்குக் கீழே இருந்த 2600 என்ற எண்ணைப் பேனாவால் அடித்து, மரக்கடையில் தடிக்கு எண் போடும் அதே பெரிய எழுத்தில், 300 என்று எழுதி வைத்திருக்கிறார்.