பக்கவாதத்துக்குப் பிறகு: பிசியோ கைபிடித்து நடத்துவதா, நோயாளியே செய்து பழகுவதா?

பக்கவாதம் வந்தவருக்கு பிசியோதெரபி வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த முறையில் என்பதில்தான் பிசியோக்களுக்குள்ளேயே பல வருடமாக வழக்கு ஓடுகிறது. முக்கியக் கட்சிகள் இரண்டு: போபாத் முறை, செயல்வழிப் பயிற்சி.

பெர்லினில் பிறந்த பெர்டா போபாத்தும் அவர் கணவர் டாக்டர் கரேல் போபாத்தும் 1940களில் லண்டனில் உருவாக்கியது முதல் முறை. அதுவரை விழுந்த கையை மறந்துவிட்டு நல்ல கையால் சமாளிக்கச் சொல்லிக்கொடுப்பதே வழக்கம். விழுந்த பக்கத்தையும் மீட்கலாம் என்று இவர்கள் அடித்துச் சொன்னது அன்றைக்குப் பெரிய விஷயம். ஆஸ்திரேலியாவின் ஜேனட் கார், ராபர்ட்டா ஷெப்பர்ட் இருவரும் 1982இல் புத்தகமாகவே எழுதி முன்வைத்தது இரண்டாவது முறை. எந்த வேலை வரவில்லையோ, அந்த வேலையையே செய்து பழக வேண்டும் என்பது இவர்கள் கட்சி.

நாற்காலியிலிருந்து எழுவதை எடுத்துக்கொள்வோம். போபாத் வழியில் போகிறவர் நோயாளியின் இடுப்பிலும் தோளிலும் கை வைத்து, தசை இறுக்கத்தைத் தளர்த்தி, உடல் எடை இரண்டு காலிலும் சமமாக இறங்கும்படி வழிநடத்துவார். கோணலான அசைவு பழகிவிடக் கூடாது என்பது அவர் கவலை. செயல்வழிக்காரர் நாற்காலியின் உயரத்தைக் கூட்டிவைப்பார். ‘பாதத்தைப் பின்னால் இழுங்க, முன்னால குனிங்க, எழுந்திருங்க’ என்று சொல்லிவிட்டு எண்ண ஆரம்பிப்பார். சுலபமாக வந்ததும் உயரத்தைக் குறைப்பார். வேர்ப்பது நோயாளிக்கு.

எது ஜெயித்தது? நார்வேயில் 61 நோயாளிகளை வைத்து நடந்து 2000இல் வெளியான ஆய்வில், செயல்வழிக் குழுவினர் சராசரியாக 21 நாளில் ஆஸ்பத்திரியை விட்டுப் போனார்கள். போபாத் குழுவுக்கு 34 நாள் ஆனது. ஆனால் ஒரு வருடம், நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பிறகு வந்த ஆய்வுத் தொகுப்புகளிலும் போபாத் மேலானது என்று நிரூபணமாகவில்லை. என் ஓட்டு செயல்வழிக்கே. காரணம், எண்ணிக்கை. வட அமெரிக்காவின் சிகிச்சை அமர்வுகளைக் கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், ஓர் அமர்வில் கையால் செய்யும் பயனுள்ள அசைவு சராசரியாக வெறும் 32 முறைதான். விலங்குகளின் மூளையில் மாற்றம் தெரிந்த சோதனைகளில் இது நூற்றுக்கணக்கில் இருந்தது. தசைக்கு லேசாகக் கரன்ட் வைத்து, கையைக் காலை நீட்டி மடக்கிவிட்டு அரை மணி நேரம் போய்விட்டால் நோயாளி தானாகச் செய்வது எத்தனை முறை?

எண்ணிக்கையை உச்சத்துக்குக் கொண்டுபோனது, நல்ல கைக்கு உறை மாட்டிவிடும் முறை. உணர்வு நரம்பு வெட்டப்பட்ட கையைக் குரங்கு பயன்படுத்தாமலே விட்டுவிடுவதையும், நல்ல கையைக் கட்டினால் மறுபடி பயன்படுத்துவதையும் கண்ட அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் அதை மனிதர்களுக்குக் கொண்டுவந்தார். 222 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான எக்ஸைட் ஆய்வில், இரண்டே வாரப் பயிற்சியின் பலன் ஒரு வருடம் வரை நின்றது. ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை, நாளுக்கு ஆறு மணி நேரம் வரை பயிற்சி! நம் ஊர் ஓ.பி.யில் இது நடக்கிற காரியமா? நேரத்தைக் குறைத்த வடிவங்கள் உண்டு. எப்படியானாலும் மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது மேலே தூக்க வர வேண்டும்; அது இல்லாதவருக்கு உறை மாட்டுவது வெறும் தண்டனை.

விரலே அசையாதவருக்கு என்ன வழி? கண்ணாடி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வலிப்பது போலத் தோன்றும் மாய வலிக்குக் கண்டுபிடித்த உத்தி இது. 1999 முதல் பக்கவாதத்துக்கும் முயன்றார்கள். கண்ணாடிக்குப் பின்னால் விழுந்த கை, முன்னால் நல்ல கை. நல்ல கை அசைவதைக் கண்ணாடியில் பார்க்கும் மூளைக்கு இரண்டும் அசைவது போலத் தோன்றும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 62 ஆய்வுகளை அலசி 2018இல் வெளியிட்ட தொகுப்பு, ஓரளவு பலன் உண்டு என்கிறது. செலவு ஒரு கண்ணாடிதான்.

ரோபோ? 770 பேரை வைத்து பிரிட்டனில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையைவிட ரோபோ பயிற்சி கையின் செயல்திறனைக் கூட்டவில்லை. பெரிய மெஷின் இருக்கிறது என்பதற்காக மட்டும் சென்டர் தேடி அலைய வேண்டாம்.

சரி, குடும்பத்தாரே வீட்டில் செய்துவிட்டால்? இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரை வைத்து இதையும் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. வழக்கமான கவனிப்போடு பயிற்சி பெற்ற குடும்பத்தினரும் கவனித்த குழுவிலும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவிலும், ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து ஒரே அளவு: 47 சதவீதம். வீட்டுப் பயிற்சி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. வழக்கமான கவனிப்போடு அதைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் போபாத்காரர்கள் பக்கம் நிற்பேன்: எங்கே, எப்படிப் பிடிப்பது என்பதில் அவர்கள் காட்டும் கவனம். விழுந்த கையின் தோள் மூட்டு தளர்ந்து கிடக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்கினால் மூட்டு இன்னும் இறங்கி, வலி மாதக்கணக்கில் நிற்கும். வலிக்கிற தோளோடு எந்த முறைப் பயிற்சியும் நடக்காது. தூக்கும்போது தோள்பட்டை எலும்பையும் உடம்பையும் தாங்கிப் பிடியுங்கள். உட்காரவைக்கும்போது கைக்கு அடியில் தலையணை வையுங்கள்.