சென்டரில் ஓடிய கிட் வைவாவில் ஏன் ஓடவில்லை?

இறுதியாண்டு மாணவர்களும், அவர்களுக்குப் பணம் கட்டும் பெற்றோரும் காசுக்கு புராஜெக்ட் செய்து தரும் புராஜெக்ட் சென்டரில் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சென்னையில் ஒரு சென்டர். ஈசிஇ மாணவர்கள் நான்கு பேர், கேஸ் கசிந்தால் போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் கருவியை 22,000 ரூபாய்க்குப் பேசி வாங்கினார்கள். கிட், ரிப்போர்ட், பிபிடி, வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு சப்போர்ட் எல்லாம் அந்த விலைக்குள். கிட்டில் இருந்தவை ஓர் ஆர்டுயினோ ஊனோ (எல்லாவற்றையும் இயக்கும் போர்டு), கேஸை உணரும் எம்க்யூ-2 சென்சார், எஸ்எம்எஸ் அனுப்பும் சிம்800எல் மாட்யூல், எல்சிடி திரை, பஸர். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அத்தனையும் 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். உழைப்புக்குக் கூலி வாங்குவதில் தப்பே இல்லை. ஓடாது என்று தெரிந்தே கொடுத்து, பாக்கிப் பணத்தையும் கறந்ததுதான் அநியாயம்.

சென்டரில் லைட்டர் கேஸைக் காட்டியதும் எஸ்எம்எஸ் வந்தது. வைவா அன்று எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) முன்னால் எல்சிடி அணைந்து அணைந்து எரிந்தது. எஸ்எம்எஸ் வரவே இல்லை. சென்டருக்குப் போன் போட்டால், "உங்க காலேஜ்ல டவர் இல்ல" என்று பதில்.

டவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிம்800எல் சிக்னல் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 3.4 முதல் 4.4 வோல்ட்டுக்குள் கொடுக்க வேண்டும். சென்டர் மேசையில் மாட்யூலுக்கென்று தனி பவர் சப்ளை இருந்தது. கையில் கொடுத்த கிட்டிலோ, நடுவில் ஒரு டயோடைப் போட்டு ஊனோவின் 5 வோல்ட் பின்னிலேயே மாட்டியிருந்தார்கள். லேப்டாப் யுஎஸ்பியில் செருகும்போது ஊனோ போர்டில் உள்ள ஃபியூஸே 500 மில்லி ஆம்பியருக்குத்தான். மாட்யூல் இழுத்ததும் வோல்டேஜ் சரியும், போர்டு ரீசெட் ஆகும், எல்சிடி அணைந்து எரியும்.

இன்னொன்று சிம். இந்த மாட்யூல் 2ஜியில் மட்டுமே வேலை செய்யும். சென்டர்காரர் தன் சிம்மைக் கழற்றிக்கொண்டார்; பிள்ளைகள் ஜியோ சிம்மைப் போட்டார்கள். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. மாட்யூலில் உள்ள சின்ன எல்இடி ஏறக்குறைய நொடிக்கொருமுறை மின்னினால் இன்னும் நெட்வொர்க் தேடுகிறது என்று அர்த்தம். 3 நொடிக்கொருமுறை மின்னினால் பிடித்துவிட்டது. இந்த ஒரு வரியைக்கூட யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

சரிசெய்ய 200 ரூபாய்கூட ஆகாது. 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று ஏற்கெனவே இருந்தால், வோல்டேஜைக் குறைக்கும் எல்எம்2596 பக் கன்வர்ட்டரில் கொடுத்து, மல்டிமீட்டர் வைத்து 4 வோல்ட்டுக்குத் திருகி வையுங்கள். அதற்குப் பிறகுதான் மாட்யூலை இணைக்க வேண்டும். முதலிலேயே இணைத்தால் மாட்யூல் போய்விடும். மாட்யூலின் பவர் பின்களை ஒட்டியே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஊனோவின் கிரவுண்டும் இதன் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும்; பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

எக்ஸ்டர்னல் கேட்ட கேள்வி மிக எளிமையானது: "ரீடிங் 400 தாண்டினால் எஸ்எம்எஸ் என்று த்ரெஷோல்டு வைத்திருக்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது?" நான்கு பேரும் வாய் திறக்கவில்லை. ஊனோ 0 முதல் 5 வோல்ட்டை 0 முதல் 1023 ஆகப் படிக்கிறது. 400 என்றால் சுமார் 1.95 வோல்ட். சுத்தமான காற்றில் என்ன ரீடிங், கேஸ் பட்டால் என்ன ரீடிங் என்று பத்து முறை எடுத்து அட்டவணை போட்டிருந்தால், அதுவே பதில். ஆனால் அவர்களிடம் கோடே இல்லை. சென்டர் கொடுத்தது ஹெக்ஸ் ஃபைல், அதாவது போர்டில் ஏற்றுவதற்கு மாற்றிய வடிவம் மட்டும். அதில் ஒரு எண்ணைக்கூட மாற்ற முடியாது.

ரிப்போர்ட்டின் நான்காம் அத்தியாயத்தில் மண்ணின் ஈரப்பதம் பற்றி ஒரு பத்தி இருந்தது. வேறு பேட்சுக்கு விற்ற பாசன புராஜெக்டிலிருந்து வெட்டி ஒட்டியது. பிபிடியில் 42 ஸ்லைடு, பேசக் கிடைத்ததோ 10 நிமிடம். அந்த நேரத்துக்கு 10, 12 ஸ்லைடு போதும். அதிலும் பிளாக் டயகிராம், சர்க்யூட், நீங்களே எடுத்த ரீடிங் ஆகிய மூன்றுக்கும் பாதி நேரத்தை ஒதுக்குங்கள். அறிமுகத்திலேயே நேரம் கரைந்தால் டெமோவுக்கு இடமிருக்காது.

முடிந்தவரை நீங்களே செய்யுங்கள். உதவி வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், சோர்ஸ் கோடு, சர்க்யூட் படம், பாகங்களின் பட்டியல் மூன்றும் தருவதாக வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் லேப்டாப், உங்கள் அடாப்டர், உங்கள் சிம் வைத்து, கல்லூரியிலேயே ஓடிய பிறகுதான் பாக்கிப் பணம். பில் கேளுங்கள். தர மறுக்கிறார்களா, எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் பில்லோடும் வாட்ஸ்அப் செய்திகளோடும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

வைவாவுக்கு முந்தின நாள், கிட் ஓடுவதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து லேப்டாப்பிலேயே சேமித்துக்கொள்ளுங்கள், லிங்க்கை நம்பாதீர்கள். பிபிடியின் பிடிஎஃப் நகல் பென்டிரைவில் இருக்கட்டும். புரொஜெக்டரில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும்தான் இருக்கிறதா என்று போய்ப் பார்த்து, தேவையானால் கன்வர்ட்டர் எடுத்துப் போங்கள். எம்க்யூ-2 உள்ளே ஹீட்டர் இருக்கிறது. சூடேறும்வரை ரீடிங் ஓரிடத்தில் நிற்காது. முறை வருவதற்கு அரை மணி நேரம் முன்பே கிட்டை ஆன் செய்து, ரீடிங் நிலைத்துவிட்டதா, எல்இடி 3 நொடிக்கொருமுறை மின்னுகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.