அப்பத்தா பாம்படத்தில் மோதிரம்: உருக்குவதா, வடிவத்தை மட்டும் எடுப்பதா?

அப்பத்தா காதில் ஆடிய பாம்படம் ஒரு ஜோடி எங்கள் வீட்டுப் பீரோவில் இருந்தது. அண்ணன், நான், தங்கை என வாரிசு மூன்று பேர். பாம்படம் போடுகிற அளவுக்குக் காது வளர்த்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இன்று யாரும் இல்லை. பூட்டி வைப்பதைவிட ஆளுக்கொரு மோதிரமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று மூவரும் ஒத்துக்கொண்டோம். எப்படிச் செய்வது என்பதில்தான் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

முதலில் தோன்றியது இரண்டையும் உருக்குவது. அப்பத்தா உடம்பில் பட்ட அதே தங்கம் நம் விரலில் இருக்கும் என்ற நிறைவு பெரியது. செலவும் குறைவு, செய்கூலியோடு முடிந்துவிடும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் பழைய நகையைக் கொடுத்து மோதிரம் வாங்கினால், அது மதிப்புப் போட்டு மாற்றிக்கொள்கிற கணக்கு. நம் தங்கம் உருகி வேறு எங்கோ போய்விடும், கைக்கு வருவது வேறு தங்கம். பணக் கணக்கில் அதில் தப்பில்லை. அதே தங்கம்தான் வேண்டும் என்றால் ஆசாரி பட்டறையில் உட்கார்ந்து, தங்கம் உருக்கும் கிண்ணமான மூசையில் போடுவதிலிருந்து கட்டியாக ஊற்றுவது வரை கண்ணால் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, பாம்படத்தைத் தொடாமல் அதன் வடிவத்தை மட்டும் எடுத்துப் புதுத் தங்கத்தில் செய்வது. கம்ப்யூட்டரில் வரைந்து, மெழுகில் அச்செடுத்து வார்த்துத் தருகிறார்கள். மூன்று மோதிரமும் அச்சு அசலாக ஒன்றுபோல வரும். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைக்குக் கட்டாயமான, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடும் இருக்கும். ஆனால் தங்கத்தின் முழு விலை, செய்கூலி, அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி என்று மூன்று மோதிரத்துக்கும் கொடுக்க வேண்டும். வார்ப்பில் சில சமயம் கண்ணுக்குத் தெரியாத காற்றுத் துளைகள் தங்கிவிடும். வளையம் மெல்லியதாக இருந்தால் அந்த இடத்தில் விரிசல் விட வாய்ப்புண்டு. அடித்து, கம்பி இழுத்துச் செய்த வளையம் இன்னும் கெட்டி.

இந்த இழுபறியை முடித்துவைத்தது ஆசாரிதான். பாம்படத்தைக் கையில் உருட்டிப் பார்த்தவர், "தம்பி, ரெண்டையும் உருக்கிட்டா, பாம்படம்னா என்னன்னு நாளைக்கு உங்க பிள்ளைக கேட்டா எதைக் காட்டுவீங்க?" என்று கேட்டார். ஒரு காதை உருக்குவது, மறு காதை அப்படியே வைப்பது என்ற மூன்றாவது வழி அங்கேதான் பிறந்தது. அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஜோடியைப் பிரிக்கலாமாடா?" என்றார். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது, இன்றைக்கும் எனக்கு அது உறுத்தும். ஆனாலும் என் ஓட்டு இந்த வழிக்குத்தான்.

உருக்கிய அன்று நடந்ததைச் சொன்னால், இதில் இறங்குகிறவர்களுக்கு உதவும். ஒரு காதுப் பாம்படம் தராசில் 21 கிராம் நின்றது. உள்ளே இருந்த அரக்கை வெளியேற்றியதும் மிஞ்சியது 14. சூடு பட்டு அரக்கு உருகியபோது வந்த வாசனை கோந்து எரிந்த மாதிரி இருந்தது. அத்தனை வருஷமாக வீட்டில் சொல்லி வந்த பவுன் கணக்கு அங்கேயே கரைந்தது. ஆகவே உள்ளே அரக்கு அடைத்த பழைய பொள்ளல் நகை எதுவானாலும், எடையை நம்பி மோதிரத்துக்குத் திட்டம் போடாதீர்கள். அப்புறம் வெண்காரம் தூவி உருக்கிக் கட்டியாக்கி, மாற்று, அதாவது சுத்தம், பார்த்தபோது 20 காரட். நகையின் துண்டுகளைப் பற்றவைத்த பொடியெல்லாம் தங்கத்தோடு கலந்துவிடுவதால் மாற்று இப்படி இறங்கும்.

இங்கே இன்னொரு தேர்வு வந்தது. 22 காரட்டுக்கு ஏற்றலாமா? 14 கிராம் 20 காரட் தங்கத்தை 22 ஆக்க, இன்னொரு 14 கிராம் சுத்தத் தங்கம் கலக்க வேண்டும். மோதிரத்தில் பாதி அப்பத்தாவுடையது, பாதி கடையுடையது என்றாகிவிடும். வேண்டாம் என்றோம். 20 காரட் கொஞ்சம் கெட்டியானது, தினமும் போட நல்லது. நிறம் லேசாகச் சிவந்திருக்கிறது, எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. விற்கப்போனால் 916 என்கிற 22 காரட் விலை கிடைக்காது. சரி, விற்கவா செய்தோம்?

முகப்பில் என்ன வைப்பது என்பதில் அதிகம் குழம்பவில்லை. ஐரோப்பியக் குடும்பங்கள் தங்கள் கேடயச் சின்னத்தைப் பொறித்துச் சுண்டு விரலில் போடுவார்கள். அதைப் பார்த்துச் சிங்கமும் வாளும் போட்டுத் தரும் டிசைன்கள் இங்கேயும் வருகின்றன. நமக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம்? பெயர் பொறிக்கலாம். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த பழைய மோதிரங்களில் ஆட்களின் பெயர் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் இருக்கிறது. நாங்கள் பாம்படத்தில் உள்ள சின்னக் கனசதுரத்தையும் அதன் இரு பக்கக் குண்டுகளையும் முகப்பாக்கினோம், அப்பத்தா பெயரின் முதல் எழுத்தை வளையத்தின் உள்பக்கம் வைத்தோம்.

போடுகிற விஷயத்தில் இரண்டு வார்த்தை. வலது கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு, இடுக்கும் ஓட்டையும் உள்ள முகப்பு வலது கைக்கு ஆகாது. பருக்கை புகுந்தால் பல் குச்சியால்தான் எடுக்க வேண்டும். தங்கை முதலில் வலது கையில் போட்டுப் பார்த்துவிட்டு இடதுக்கு மாற்றிக்கொண்டாள். அடுத்து, விரல் அளவைச் சாயங்காலம் எடுங்கள். காலையில் எடுத்த அளவு வெயில் நாளில் இறுக்கும். வளையத்தின் பின்பக்கத்தை வேலைப்பாடு இல்லாமல் விடச் சொல்லுங்கள், நாளைக்கு வாங்கிக்கொள்கிறவர் விரலுக்கு ஏற்ப வெட்டிப் பெரிதாக்க அதுதான் இடம். சுற்றிலும் கல் பதித்தால் அந்த வசதி போய்விடும்.

மிஞ்சிய ஒற்றைப் பாம்படம் தங்கையிடம் இருக்கிறது. அண்ணன் வேன் ஓட்டுகிறார். இரண்டு வருஷம் ஸ்டியரிங் தேய்த்ததில் அவர் மோதிரக் கனசதுரத்தின் முனைகள் மட்டும் மழுங்கி, அந்த ஒற்றைப் பாம்படத்தின் தேய்ந்த முனைகளைப் போலவே ஆகிவிட்டன.