இருமினால் சிறுநீர் கசிகிறதா? பயிற்சியா, அறுவை சிகிச்சையா?

தும்மும்போதும், மாநகரப் பேருந்து வேகத்தடையில் தூக்கிப் போடும்போதும் கசிகிறது என்றால் பெண்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள்: இடுப்புத்தளத் தசைக்கு (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசை) பயிற்சி, நாடா வைக்கும் அறுவை சிகிச்சை.

என் ஓட்டு முதலில் பயிற்சிக்குத்தான். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் அந்தத் தசையை உள்ளிழுத்து, சில விநாடி பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். வேளைக்கு 8 முறை, தினம் 3 வேளை, குறைந்தது 3 மாதம். கோயம்பேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் பலர் வயிற்றையோ தொடையையோ இறுக்கிவிட்டு, பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை பிசியோதெரபிஸ்ட்டிடம் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அறுவை சிகிச்சையில் சிறுநீர் வெளியேறும் குழாய்க்கு அடியில் மெல்லிய வலைநாடாவைத் தாங்கலாக வைப்பார்கள். பலன் சீக்கிரம் தெரியும். சரி, பாதகம்? சிலருக்கு நீடித்த வலி, சிறுநீர் கழிப்பதில் சிரமம், வலை உறுத்தி வெளியே தெரிவது. இங்கிலாந்தில் 2018இல் இதை நிறுத்தியே வைத்தார்கள். இன்னும் குழந்தை பெறும் எண்ணமிருந்தால் பொதுவாகத் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

திடீரென முட்டிக்கொண்டு வந்து, கழிவறை போவதற்குள் கசிந்தால் அது வேறு வகை. அதற்கு இந்த நாடா தீர்வல்ல. அப்புறம், சென்னை வெயிலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்ந்தால் அது சிறுநீர்ப்பையை இன்னும் எரிச்சலூட்டும்.