கார்பன் பிளேட் ஷூ: பிளேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை

போன தலைமுறை கார்பன் பிளேட் ஷூக்கள், அதாவது தடித்த ஃபோம் மெத்தைக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்த ரேஸ் ஷூக்கள், பாதி விலைக்கு இறங்கியதிலிருந்து ஓடுகிற நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: "எடுக்கலாமா, பிளேட் எவ்வளவு நாள் தாங்கும்?" கேள்வியே தப்பு. பிளேட் பாட்டுக்கு இருக்கும். சாவது ஃபோம். அதுவும் வெளியே ஒன்றையும் காட்டிக்கொள்ளாமல் சாகும். அடியில் ரப்பர் பளபளக்கிறது, மேல்துணி புதுசு மாதிரி இருக்கிறது, நடுவில் இருப்பது மட்டும் பிணம். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

என்னிடம் இருப்பது பீபா ஃபோம் (எடை குறைந்த, நன்றாக எகிறும் பிளாஸ்டிக் வகை), முழு நீள பிளேட், குதிகாலில் 39 மி.மீ., முன்பாதத்தில் 31. பிராண்டு பெயர் வேண்டாம். இந்த வகை ஷூ எதை எடுத்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

2017-இல் நைக்கி வேப்பர்ஃபிளை 4% என்ற ஷூ வந்தபோது எல்லோரும் பிளேட்டைப் பற்றித்தான் பேசினார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் ஆய்வகத்தில் அதன் முன்மாதிரியை அழுத்திப் பார்த்தபோது, உள்ளே போன ஆற்றலில் 87 விழுக்காடு திரும்பி வந்தது. ஒப்பிட எடுத்த அடிடாஸ் பூஸ்ட் ஷூவில் 76, நைக்கியின் பழைய ரேஸ் ஷூவில் 66. வித்தியாசம் கிடக்கிற இடம் ஃபோம். பிறகு அதே வழியில் வந்த ஆய்வாளர்கள் வேப்பர்ஃபிளையின் பிளேட்டைக் குறுக்கே ஆறு இடத்தில் அறுத்தே விட்டார்கள். ஷூவின் விறைப்பு 42 விழுக்காடு குறைந்தது. ஓடுகிறவரின் ஆற்றல் செலவு ஏறக்குறைய மாறவே இல்லை.

அதற்காக பிளேட் சும்மா கிடக்கிறது என்று அர்த்தமில்லை. 40 மி.மீ. உயரத்துக்கு இவ்வளவு மெத்தென்ற ஃபோமைத் தனியாக அடுக்கினால் கால் ஆடும். பாதத்தில் விழும் எடையைப் பரப்பி, முன்னால் உருள்கிற வளைவைக் கலையாமல் பிடித்து வைப்பது பிளேட்டின் வேலை. ஆனால் நீங்கள் கொடுக்கிற காசு ஃபோமுக்குத்தான். பெட்டி மேல் 'கார்பன்' என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறவர்கள், ஃபோம் என்னவென்று கேட்டால் 'சூப்பர் ஃபோம்' என்று முடித்துக்கொள்கிறார்கள். தள்ளுபடியில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். விவரத்தில் பீபா, பெபாக்ஸ் (பீபாவின் ஒரு பிராண்டு) அல்லது ஏ-டிபியு (எகிறும் இன்னொரு ஃபோம் வகை) என்று இருந்தால் மேலே பேசலாம். சாதாரண ஓட்ட ஷூக்களில் வரும் ஈ.வி.ஏ. ஃபோமுக்குள் ஒரு கார்பன் தகட்டைச் செருகி விற்பதும் உண்டு. அது விறைப்பான ஷூ, அவ்வளவுதான். எடையே பாதி காட்டிக்கொடுத்துவிடும். எட்டாம் சைஸ் ரேஸ் ஷூ 200 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். 250-ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். பக்கச் சுவரில் கட்டைவிரலால் அழுத்தினால் சுலபமாக உள்ளே போய், விட்டவுடன் விரலைத் தள்ள வேண்டும்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இந்த ஃபோம் முழுக்க நுண்ணிய காற்றறைகள். அவற்றின் சுவர் மிக மெல்லியது. எடை குறைவும் எகிறலும் அதனால்தான். ஒவ்வொரு மிதிக்கும் சுவர் மடங்கி நிமிர்கிறது. ஆயிரக்கணக்கான மிதிக்குப் பிறகு சில சுவர்கள் நிமிராமல் மடிந்தே கிடந்துவிடும். அது எல்லா இடத்திலும் ஒரே அளவில் நடந்தால்கூடப் பரவாயில்லை. பாதம் உட்பக்கம் சாய்கிறவர்களுக்குக் குதிகாலின் உள்விளிம்பு முதலில் இறங்கும். மேலே பிளேட் விறைப்பாகவே இருப்பதால், இறங்கிய பக்கத்துக்கு முழுப் பலகையும் சரியும். சாதாரண ஷூ தேய்ந்தால் அடி தட்டுகிறது என்று கால் சொல்லிவிடும். இதில் மெத்தென்ற உணர்வு அப்படியே இருக்கும், சாய்வு மட்டும் கூடிக்கொண்டே போகும். முழங்கால் உட்பக்கத்தில் வலி வந்த பிறகுதான் தெரியும்.

ஆகவே அளந்து பாருங்கள். புது ஷூ வந்த அன்றே வெர்னியர் காலிப்பர் எடுத்து, மிட்சோல் (நடுவிலுள்ள ஃபோம் அடுக்கு) உயரத்தைக் குதிகாலின் உட்பக்கம், வெளிப்பக்கம், பெருவிரல் அடிப்பகுதி, சுண்டுவிரல் அடிப்பகுதி என நான்கு இடத்தில் குறித்து, அந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைத்துவிடுங்கள். 100 கி.மீ.க்கு ஒருமுறை அதே புள்ளியில் அளக்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் அளக்கக் கூடாது. ஃபோம் மெதுவாக நிமிர்ந்து வரும், ஒரு நாள் கழித்து அளந்தால்தான் உண்மை தெரியும். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 2 மி.மீ. தாண்டினால் அந்த ஜோடியை ரேஸுக்கு எடுக்காதீர்கள். காலிப்பர் இல்லாதவர்கள் ஷூவைக் கண்ணாடி மேஜையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் போதும். குதிகால் கூடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பக்கச் சுவரில் சுருக்கம் விழுவது மட்டும் கணக்கில்லை, அது முதல் வாரத்திலேயே வரும். எடுத்து வைத்த பிறகும் நிமிராத சுருக்கம்தான் கணக்கு.

ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஓட்டக்காரர்களை வைத்துப் பார்த்தபோது, புதிதில் பீபா ஷூ ஆற்றல் மிச்சத்தில் ஈ.வி.ஏ. ஷூவை முந்தியது. 450 கி.மீ. ஓடிய பிறகு அந்த முன்னிலை காணாமல் போயிற்று. ஈ.வி.ஏ. ஷூவோ கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. 2023 பெர்லின் மாரத்தானில் எத்தியோப்பிய வீராங்கனை டிக்ஸ்ட் அசெஃபா 2:11:53 ஓடியபோது போட்டிருந்த அடிடாஸ் ஷூ 138 கிராம், 500 டாலர். ஒரு மாரத்தானும் அதற்கு முன் பழகும் ஓட்டமும்தான் அதன் ஆயுள் என்று வெளிப்படையாகவே பேசப்பட்டது. அந்த நேர்மையை மற்றவர்களும் பெட்டியில் அச்சடித்தால் என்ன?

என் ஷூவில் இப்போது வந்திருக்கும் ரிப்பேர், முன்பாத ரப்பர் துண்டு உரிந்து தொங்கியதால். பீபாவில் பசை சுலபத்தில் பிடிக்காது. தொழிற்சாலையில் பிரைமர் (பசை பிடிக்க வைக்கும் முதல் பூச்சு) பூசித்தான் ஒட்டுகிறார்கள். ரிப்பேர் கடையில் கொடுத்தால் இரண்டே விஷயம் சொல்லிவிட வேண்டும்: ஊசி வேண்டாம், சூடு வேண்டாம். விளிம்பில் தையல் போட்டால் ஃபோம் கிழியும். ஹீட் கன் காட்டினால் ஃபோம் சுருங்கும், திரும்பாது. வீட்டிலேயே செய்வது நல்லது. ரப்பர் பக்கத்தை 120 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, தூசு தட்டி, ஷூவுக்கான கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசுங்கள். 10, 15 நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்தி, துணியால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விட வேண்டும். பசையைக் கொட்டினால் அதிலுள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். கல்லாக இறுகி, அடுத்த வளைவில் ஃபோமையும் பிய்த்துக்கொண்டு வரும்.

வெயிலில் நிறுத்திய காரில் விடாதீர்கள், வாஷிங் மெஷினில் போடாதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் நனைந்த ஷூவின் இன்சோலைக் கழற்றி, செய்தித்தாள் திணித்து, ஃபேனுக்கடியில் வைத்தால் மறுநாள் காய்ந்துவிடும். கீச் கீச் என்று சத்தம் வந்தால் பிளேட் உடைந்ததென்று பதற வேண்டாம். பெரும்பாலும் இன்சோல் உரசல்தான், அடியில் கொஞ்சம் முகப் பவுடர் தூவினால் அடங்கும். அடியில் உள்ள பள்ளத்தில் சிக்கும் ஜல்லியை ஸ்க்ரூடிரைவரால் நோண்டாதீர்கள். ஐஸ்கிரீம் குச்சி போதும்.

யாருக்கு இது? அமெரிக்காவில் மெதுவான வேகத்தில் சோதித்ததில், மணிக்கு 12 கி.மீ. ஓடியபோது ஆற்றல் செலவில் சராசரி லாபம் 1.4 விழுக்காடு, 10 கி.மீ.யில் 0.9. அதிலும் சிலருக்கு நஷ்டம். 4 மணி 13 நிமிடத்தில் மாரத்தான் முடிப்பவருக்கு 0.9 என்றால் 2 நிமிடச் சொச்சம். அதற்கு இந்த விலையா என்பது உங்கள் பாடு. தினசரி ஓட்டத்துக்கு இதைப் போடுவது கண்டிப்பாக வேண்டாம். பிளேட் ஷூ போட்ட 5 பேருக்குப் பாதத்தின் நடுப்பகுதியிலுள்ள நேவிகுலர் எலும்பில் அழுத்தக் காயம் வந்ததை 2023-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஐந்து பேரை வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. ஆனாலும் வாரத்துக்கு ஒரு டெம்போ (சீரான வேக ஓட்டம்), ரேஸுக்கு முன் ஒரு லாங் ரன், அதற்கு மேல் இதில் வேலையில்லை.

இவ்வளவு திட்டிய பிறகு ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 30 கி.மீ. தாண்டிய பிறகு தொடை கெட்டியாகிக் கால் தரையில் அறைகிற அந்தக் கட்டம் இந்த ஷூவில் தள்ளிப்போகிறது. மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை. கெண்டைக்கால் மட்டும் முதல் சில ஓட்டங்களில் முணுமுணுக்கும். நேரத்தில் என்ன மிச்சமானதோ, கால் மிச்சமாகிறது. வேறு எந்த ஷூவும் இதைத் தருவதில்லை.

மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. தள்ளுபடி முடிவதற்குள் இன்னொரு ஜோடி எடுக்கப்போகிறேன். இந்த முறை அரை சைஸ் பெரிதாக. பிளேட் வளையாது, வெயிலில் வீங்கிய விரலுக்கு முன்னால் இடம் இல்லையென்றால் நகம் கறுத்துவிடும்.